அமெரிக்க ஆர்மில எல்லாருக்கும் க்ளாக் பிஸ்டலா? தப்புங்க
"அமெரிக்க ஆர்மி எல்லா சோல்ஜருக்கும் க்ளாக் குடுத்துருச்சு, இனி ரைஃபிளே வேணாம்"னு ஒரு மெசேஜ் சுத்துது. அது உண்மையில்லங்க. 1985ல வந்த பெரெட்டா எம்9 பிஸ்டலுக்கு பதிலா 2017 ஜனவரில செலக்ட் ஆனது சிக் சாவர் எம்17, அந்த தேர்வ எதிர்த்து க்ளாக் கம்பெனி குடுத்த புகாரும் அதே வருஷம் ஜூன்ல தள்ளுபடி ஆச்சு, அந்த தீர்ப்பு அமெரிக்க அரசு தணிக்கை ஆபீஸ் வெப்சைட்லயே இருக்கு, யார் வேணா படிக்கலாம். ஸ்பெஷல் ஃபோர்ஸ்ல சிலர் க்ளாக் 19 வச்சிருக்காங்க, அந்த ஃபோட்டோவ பாத்து குழம்பியிருக்கலாம். மணல் கலர்ல, கட்டைவிரல் படுற இடத்துல சேஃப்டி லீவர் (தவறுதலா சுடாம தடுக்குற சின்ன நெம்பு) தெரிஞ்சா அது பெரும்பாலும் எம்17. பிஸ்டல் 50 மீட்டருக்குள்ளதான் பிரயோஜனம், சோல்ஜர்கள் வச்சிருக்குற எம்4 ரைஃபிள் 500 மீட்டர் வரைக்கும் பிரயோஜனப்படும், அதனால சண்டைன்னு வந்தா ரைஃபிள்தான் முதல்ல, பிஸ்டல் துணைக்குத்தான், அதுவும் எல்லார் இடுப்புலயும் இருக்காது. தயவுசெஞ்சு அந்த மெசேஜ ஃபார்வேர்ட் பண்ணாதீங்க, அனுப்பினவங்ககிட்டயும் சொல்லிருங்க.