ஆம்புலன்ஸிலேயே வலி குறையணும்

"உயிர் பிழைச்சா போதும், வலியை அப்புறம் பார்த்துக்கலாம்." விபத்துக் கேஸ் வரும்போதெல்லாம் யாராவது இதைச் சொல்லிவிடுகிறார்கள். புதுச்சேரியில் கேஷுவாலிட்டி நர்ஸாக இருக்கும் என்னால் இதை ஒத்துக்கொள்ளவே முடியாது. மூச்சையும் ரத்தப்போக்கையும் கவனித்த கையோடு வலியையும் கவனிக்கணும், வண்டி கிளம்புவதற்கு முன்பே.

கடலூர் பக்கம் பெரிய அடி என்றால் பலரும் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்குத்தான் வந்து சேர்கிறார்கள். முள்ளோடை, கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று வழியெல்லாம் வேகத்தடை. கட்டாத தொடை எலும்போடு வருபவருக்கு ஒவ்வொரு தடையிலும் முறிந்த முனைகள் சதைக்குள் குத்தும். தொடை எலும்பு முறிந்தால் வெளியே சொட்டு ரத்தம் தெரியாமலே உள்ளே ஒரு லிட்டருக்கு மேல் போய்விடலாம். காலை நேராக்கி ஸ்ப்ளின்ட் (எலும்பு அசையாமல் வைத்துக் கட்டும் பட்டை) போட்டால் வலியும் குறையும், ரத்தப்போக்கும் குறையும். இதற்கு மருந்தே தேவையில்லை.

பண்ருட்டிப் பக்கம் பலா மரத்திலிருந்து விழுந்த ஒரு பெரியவரை அவர் மகன் காரில் கூட்டி வந்தார். அட்டைப்பெட்டியை மடித்து, முழங்காலுக்குக் கீழே இரண்டு பக்கமும் கொடுத்து, துண்டைக் கிழித்து நாலு இடத்தில் கட்டியிருந்தார். விரல்கள் வெளியே தெரிந்தன, சூடாக இருந்தன, பாதத்தில் நாடி கிடைத்தது. பெரியவர் தன் சர்க்கரை மாத்திரையின் பெயர்வரை நிதானமாகச் சொன்னார். அதே வாரம் ஆம்புலன்ஸில் வந்த ஓர் இளைஞரின் கால் கட்டப்படவே இல்லை. வலியில் பெயரைக்கூட அவரால் சொல்ல முடியவில்லை.

வலி ஊசி போட்டால் நோயின் அடையாளம் மறைந்துவிடும், டாக்டர் பார்க்கும்வரை பொறுக்கணும் என்ற பழைய பயம் இன்னும் இருக்கிறது. வயிற்று வலிக்குச் செய்த ஆய்வுகளிலேயே அந்தப் பயம் சரியில்லை என்று தெரிந்துவிட்டது. விலா எலும்பு முறிந்தவர் வலிக்குப் பயந்து மேலோட்டமாக மூச்சு விடுவார், ஆக்சிஜன் இறங்கும். அங்கே வலியைக் குறைப்பதே மூச்சுக்கான சிகிச்சை.

மருந்துக்கும் பஞ்சமில்லை. பாராசிட்டமால் ட்ரிப்ஸ் இருக்கிறது. கெட்டமின் இருக்கிறது, மயக்கத்துக்குக் கொடுப்பதில் சிறு பங்கு, கிலோவுக்கு 0.1 முதல் 0.3 மில்லிகிராம் மெதுவாகக் கொடுத்தால் வலி அடங்கும், பிரஷரும் பொதுவாக இறங்காது. குழந்தைக்கு ஊசியே இல்லாமல் மார்ஃபின் வகை வலி மருந்தான ஃபென்டனிலை மூக்கில் ஸ்ப்ரே செய்யலாம். ஆஸ்திரேலியாவில் ஆம்புலன்ஸ்காரர்கள் பச்சை விசில் மாதிரி ஒரு குழாயைக் கையில் கொடுத்து, அதிலிருக்கும் மருந்தை உறிஞ்சச் சொல்கிறார்கள். இங்கே சட்டத்துக்குப் பயம். 1985 போதைப்பொருள் சட்டத்தை 2014இல் திருத்தி, மார்ஃபின், ஃபென்டனில் போன்றவற்றை மருத்துவமனைகள் வாங்குவதை எளிதாக்கினார்கள். நான் பார்க்கிற வண்டிகளின் மருந்துப் பெட்டிக்கு அந்தப் பலன் வந்து சேரவில்லை.

கண்டபடி கொடுக்கச் சொல்லவில்லை. தலையில் அடி, நினைவு மங்கல், மூச்சுத் திணறல் என்றால் நிறுத்தி யோசிக்கணும், மானிட்டர் வேணும், பயிற்சி வேணும். 108இல் கட்டுப்பாட்டு அறை மருத்துவரிடம் போனில் கேட்டு மருந்து கொடுக்கும் வழி ஏற்கெனவே இருக்கிறது. வலிக்கும் அதே வழியில் தெளிவான விதி எழுதிக் கொடுங்கள். 2021 டிசம்பரில் வந்த இன்னுயிர் காப்போம் திட்டத்தால் தமிழ்நாட்டில் விபத்துச் சிகிச்சையின் முதல் 48 மணி நேரச் செலவை அரசு ஏற்கிறது, நல்ல விஷயம். அந்த 48 மணி நேரம் ரோட்டில்தான் தொடங்குகிறது.

எனக்குக் கோபம் வருவது இன்னொரு பேச்சில். "குடிச்சிட்டுதானே விழுந்தான், அனுபவிக்கட்டும்." புதுச்சேரியில் இதை அடிக்கடி கேட்கிறேன். குடித்தவருக்கும் எலும்பு எலும்புதான். மருந்தின் அளவைக் குறைத்து, மூச்சைக் கூடுதலாகக் கவனிக்கணும், அவ்வளவுதான். வலியைத் தண்டனையாக்க நமக்கு யார் அதிகாரம் கொடுத்தது? இன்னொரு பக்கம், சத்தம் போடாதவர்களை மறந்துவிடுகிறோம். பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கும் பாட்டியிடம் "பத்துக்கு எவ்வளவு வலிக்குதும்மா?" என்று கேட்டால்தான் "ஒம்பது இருக்கும்" என்பார்.

பிரஷர், நாடியோடு இந்த எண்ணும் ஆம்புலன்ஸ் தாளில் எழுதப்படணும். ஏற்றும்போது ஒருமுறை, எங்களிடம் ஒப்படைக்கும்போது ஒருமுறை. ஆம்புலன்ஸில் வேலை பார்க்கும் தம்பி தங்கைகள் இதைப் படித்தால், உங்கள் வண்டியில் வலிக்கு என்ன மருந்து இருக்கிறது, எதைக் கொடுக்க உங்களுக்கு அனுமதி இருக்கிறது என்று கீழே எழுதுங்கள்.