குரூப்பில் போட்டேனே!

(காலை எட்டு மணி. அபார்ட்மென்ட் செக்ரட்டரி வீட்டு வாசல். மூன்றாம் மாடிக்காரர் இடுப்பில் துண்டோடும் தலையில் ஷாம்பு நுரையோடும் நிற்கிறார்.)

மூன்றாம் மாடி: தண்ணீர் எங்கே சார்?

செக்ரட்டரி: தொட்டி கழுவுகிறார்கள். பதினொன்றரைக்கு வந்துவிடும். உங்களுக்குத் தெரியாதா?

மூன்றாம் மாடி: தெரிந்திருந்தால் ஷாம்பு போட்டிருப்பேனா?

செக்ரட்டரி: குரூப்பில் போட்டேனே சார்.

மூன்றாம் மாடி: எப்போது?

செக்ரட்டரி: நேற்று ராத்திரி பதினொன்று நாற்பதுக்கு.

மூன்றாம் மாடி: அந்த நேரத்தில் முழித்திருப்பது கொசுவும் நீங்களும்தான்.

செக்ரட்டரி: காலையில் பார்த்திருக்கலாமே.

மூன்றாம் மாடி: பார்த்தேன். முதலில் ரோஜாப்பூவோடு இனிய காலை வணக்கம். அப்புறம் பிள்ளையார். அப்புறம், வெங்காயத்தை சாக்ஸுக்குள் வைத்தால் காய்ச்சல் இறங்குமாம். எங்கள் வீட்டில் யாருக்கும் காய்ச்சல் இல்லை சார். விரல் வலிக்கத் தள்ளியும் தண்ணீர் மட்டும் தட்டுப்படவில்லை.

செக்ரட்டரி: அவர்கள் அனுப்புவதற்கு நான் என்ன செய்வது?

மூன்றாம் மாடி: 1948-லேயே கிளாட் ஷானன் என்கிற அமெரிக்கக் கணித அறிஞர், செய்தி எப்படிப் போகிறது என்று படம் போட்டுக் காட்டிவிட்டார். இந்தப் பக்கம் அனுப்புகிறவர், அந்தப் பக்கம் பெறுகிறவர், நடுவில் இரைச்சல். நம் குரூப்பில் அந்த இரைச்சல் ரோஜாப்பூவோடு வருகிறது.

செக்ரட்டரி: ஆனால் ரெண்டு டிக் விழுந்தது சார்.

மூன்றாம் மாடி: என்ன கலர்?

செக்ரட்டரி: (போனைப் பார்த்து) சாம்பல்.

மூன்றாம் மாடி: குரூப்பில் எல்லோரும் பார்த்தால்தான் அது நீலமாகும். ரெண்டு சாம்பல் டிக் என்றால் செய்தி போன் வரைக்கும் வந்திருக்கிறது. என் மண்டை வரைக்கும் வரவில்லை. மண்டையில் இப்போது என்ன இருக்கிறது என்று நீங்களே பாருங்கள்.

செக்ரட்டரி: நாற்பத்தெட்டு வீடு சார். ஒவ்வொருவரையும் பிடித்துக் கேட்க முடியுமா? போடுவது என் கடமை. போட்டேன்.

மூன்றாம் மாடி: நான் தந்தி ஆபீஸில் இருந்தவன். 2013 ஜூலையில் தந்தியையே நிறுத்துகிற வரைக்கும், ஆள் நேரில் போய்க் கொடுத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு வருவான்.

செக்ரட்டரி: அதெல்லாம் அந்தக் காலம். இப்போது ஒரு செகண்டில் போய்விடுகிறதே!

மூன்றாம் மாடி: போகிறது சார். சேருகிறதா?

செக்ரட்டரி: குரூப்பில்...

மூன்றாம் மாடி: போட்டீர்கள், போட்டீர்கள். கண்ணில் நுரை இறங்குகிறது. ஒரு வாளி தண்ணீர் கொடுங்கள், அலசிக்கொண்டு போகிறேன்.

செக்ரட்டரி: (குரலைத் தாழ்த்தி) எங்கள் வீட்டிலும் இல்லை சார். என் மனைவி பிடித்து வைக்கவில்லை. காலையிலிருந்து அவள் என்னோடு பேசவுமில்லை.

மூன்றாம் மாடி: அவர்களிடமும் நீங்கள் சொல்லவில்லையா?

செக்ரட்டரி: அவளும் குரூப்பில்தானே இருக்கிறாள்!

மூன்றாம் மாடி: அடப்பாவமே. சரி, ஒன்று கேட்கிறேன். மாதம் பிறந்ததும் மெயின்டெனன்ஸ் பணத்துக்கு மட்டும் வீடு வீடாக வந்து பெல் அடிக்கிறீர்களே. லிஃப்ட் ஓடாத மாதம்கூட மூச்சு வாங்க மூன்று மாடி ஏறி வந்தீர்கள். அதையும் குரூப்பில் போட்டுவிட்டுப் பேசாமல் இருக்கலாமே?

செக்ரட்டரி: குரூப்பில் போட்டால் யார் சார் பார்க்கிறார்கள்?