மொம்பாசாவுக்கு ஒரு இரவு போதாது

சென்னையில் ஒரு பயண ஏற்பாட்டாளர் எனக்குப் போட்டுக் கொடுத்த கென்யா திட்டத்தில், பத்து நாட்களில் எட்டு நாட்கள் விலங்குகளுக்கு. கடலோர நகரமான மொம்பாசாவுக்கு ஒரே இரவு. "கோட்டையை இரண்டு மணி நேரத்தில் முடித்துவிடலாம் சார். ஊருக்குள் வேறு ஒன்றும் இல்லை" என்றார். அந்தத் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். மொம்பாசாவின் பழைய நகரத்தில் ஒரு மாடி அறை எடுத்து ஆறு நாட்கள் தங்கினேன். திரும்பி வந்த பிறகும் அவர் சொன்னதன் மீது எனக்குக் கோபம் ஆறவில்லை.

முதல் நாள் காலையே அந்தக் கோபம் தொடங்கிவிட்டது. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய சந்துகள். பூ வேலைப்பாடு செய்த கனத்த மரக்கதவுகள். வாசலின் இருபுறமும் கல்லும் சுண்ணாம்புமாகக் கட்டிய திண்ணை. அதைப் 'பராசா' என்கிறார்கள். மாலையில் பெரியவர்கள் அதில் உட்கார்ந்து கடுங்காப்பி குடித்தபடி பேசிக்கொண்டிருக்கிறார்கள். நம் ஊர்களில் இடித்துவிட்டு வண்டி நிறுத்த இடம் பண்ணிக்கொண்டோமே, அதே திண்ணை. அங்கே ஏழெட்டு வயதுச் சிறுவன் ஒருவன் என்னைக் கடக்கும்போது "ஷிகமூ" என்றான். விழித்தேன். திண்ணையில் இருந்த பெரியவர், அது வயதில் மூத்தவர்களுக்குச் சொல்லும் வணக்கம் என்றும் "மரஹபா" என்று பதில் சொல்ல வேண்டும் என்றும் சொல்லிக் கொடுத்தார். சுற்றுலாப் பயணிகளுக்கென்று வைத்திருக்கும் "ஜம்போ"வை அந்தப் பையன் எனக்குச் சொல்லவில்லை. அன்று முழுவதும் அது என் மனதில் இருந்தது.

அந்த ஊரைக் கட்டியது காற்று. டிசம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்கிலிருந்து வீசும் காற்றுக்குக் 'கஸ்காசி' என்று பெயர். ஏப்ரலுக்குப் பிறகு தெற்கிலிருந்து வருவது 'கூசி'. அரபு நாடுகளிலிருந்தும் குஜராத்திலிருந்தும் பாய்மரக் கப்பல்கள் கஸ்காசியில் வந்து, கூசியில் திரும்பின. அந்தக் கரையில் பேசும் சுவாஹிலி மொழியில் வடக்கு என்பது கஸ்காசினி, தெற்கு என்பது கூசினி. வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து வருவது தென்றல் என்று நாம் திசையை வைத்துக் காற்றுக்குப் பெயரிட்டோம். அவர்கள் காற்றை வைத்துத் திசைக்குப் பெயரிட்டிருக்கிறார்கள்.

கோட்டைக்கும் போனேன். ஃபோர்ட் ஜீசஸை 1593இல் போர்ச்சுக்கீசியர் கட்டத் தொடங்கினார்கள். 1696இல் ஓமானியர்கள் முற்றுகையிட்டு, ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் காத்திருந்து பிடித்தார்கள். கோவாவிலிருந்து உதவிக்குப் போன கப்பல்களில் ஒன்று 1697இல் கோட்டைக்கு எதிரிலேயே மூழ்கியது. அந்தக் கப்பல் கட்டப்பட்டது பம்பாய்க்குப் பக்கத்தில், வசாய் என்ற ஊரில். கடலடியிலிருந்து எடுத்த அதன் பொருட்களுக்கு முன்னால் மட்டுமே எனக்கு ஒரு மணி நேரம் போயிற்று.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. காலையில் மஹம்ரி: ஏலக்காய் மணக்க, பூரிபோல் உப்பிய பண்டம். தொட்டுக்கொள்ள ம்பாசி, அதாவது தேங்காய்ப் பாலில் குழைய வேகவைத்த முழுத் துவரை. துவரை இந்தியாவிலிருந்து அங்கே போனது. மாலையில் மஞ்சள் மாவில் தோய்த்துப் பொரித்த உருளைக்கிழங்கின் மேல் புளிச் சட்னி ஊற்றித் தருகிறார்கள். அந்தப் புளியோ ஆப்பிரிக்க மண்ணில் பிறந்து நம்மிடம் வந்தது. கேழ்வரகும் அப்படித்தான், கம்பும் அப்படித்தான். புளி இல்லாமல் ஒரு நாள்கூடச் சமைக்காத நாம், அதைத் தந்த கண்டத்தில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை என்கிறோம். கடலோரமாக மாமா ங்கினா சாலையில் நடந்தால் பருத்த பெருக்க மரங்கள் (பாவோபாப்) நிற்கின்றன. மன்னார்த் தீவுக்குப் போனவர்களுக்கு அந்த மரம் தெரிந்திருக்கும்.

உறவு இருந்தது என்று மகிழ்ந்துவிட்டு நிறுத்திக்கொள்ளவும் கூடாது. 1896 முதல் மொம்பாசாவிலிருந்து ரயில் பாதை போட 30,000க்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர்கள் போனார்கள், பெரும்பாலும் பஞ்சாபிகள். சுமார் 2,500 பேர் அங்கேயே இறந்தார்கள். இதை இந்தியர்கள் பெருமையோடு சொல்கிறோம், சொல்லவும் வேண்டும். ஆனால் அந்தக் கரையில் யானைத் தந்தத்துக்கும் அடிமை வணிகத்துக்கும் கடன் கொடுத்தவர்களில் இந்திய வணிகர்களும் இருந்தார்கள் என்பதை யாரும் சொல்வதில்லை. தீவுக்கு வடக்கே ஃபிரியர் டவுன் என்ற பகுதி இருக்கிறது. விடுவிக்கப்பட்ட அடிமைகளுக்காக 1875இல் உருவான குடியிருப்பு. அடிமைக் கப்பல்களிலிருந்து மீட்கப்பட்டு, நாசிக்கில் மிஷனரிகளிடம் வளர்ந்த ஆப்பிரிக்கர்கள் பலர் அங்கே வந்து சேர்ந்தார்கள். 'பம்பாய் ஆப்பிரிக்கர்கள்' என்றே அவர்களுக்குப் பெயர். அங்கே நின்றபோது எங்கள் குடியிருப்பின் கூட்டம் ஒன்று நினைவுக்கு வந்தது. ஆப்பிரிக்க மாணவர்கள் இருவருக்கு வாடகைக்கு வீடு தருவதில்லை என்று அதில் முடிவு செய்தார்கள். நானும் அங்கே இருந்தேன். வாயைத் திறக்கவில்லை. வெட்கத்தோடு எழுதுகிறேன்.

"பாதுகாப்பா?" என்று இன்றும் கேட்கிறார்கள். எந்தத் துறைமுக நகரத்திலும் எடுக்கும் கவனம் போதும்: இருட்டிய பிறகு கைபேசியைக் கையில் ஏந்திக்கொண்டு தனியே திரியாதீர்கள். மொம்பாசா ஒரு தீவு. தெற்குக் கரைக்கு லிக்கோனி படகுத்துறையில் கடக்கலாம், நடந்து வருபவர்களுக்குக் கட்டணம் இல்லை. காலை ஏழு மணிக்கு அந்தக் கூட்டத்தில் நின்றேன். பள்ளிச் சீருடைகள், மீன் கூடைகள், வேலைக்கு ஓடுகிறவர்கள். படகு அசைந்தபோது நான் தடுமாற, பக்கத்தில் இருந்த ஓர் அம்மா என் முழங்கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, பக்கத்தில் இருந்தவரோடு விட்ட பேச்சைத் தொடர்ந்தார்.

போகிறவர்களுக்கு: மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பயணத்துக்குப் பத்து நாட்களுக்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள். ஏப்ரலும் மே மாதமும் கனமழை, தவிர்க்கலாம். நைரோபியிலிருந்து விமானம் வேண்டாம். 2017இல் தொடங்கிய ரயில் இருக்கிறது, ஐந்து மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். ஜன்னலோர இருக்கையாகக் கேட்டு வாங்குங்கள். வண்டி சாவோ காட்டின் வழியாகத்தான் போகிறது. செம்மண் பூசிய யானைகளை நான் அங்கேதான் பார்த்தேன்.