பழைய டயரை யார் வந்து எடுப்பது?

1990 பிப்ரவரியில் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், ஹேகர்ஸ்வில் என்னும் சிற்றூருக்கு அருகே குவித்து வைத்திருந்த ஒரு கோடிக்கும் மேற்பட்ட பழைய டயர்கள் தீப்பற்றி 17 நாட்கள் எரிந்தன. வளையத்தின் உட்புறத்தில் பிடித்த நெருப்பைத் தண்ணீர் எளிதில் எட்டுவதில்லை. வெப்பத்தில் ரப்பர் சிதைந்து எண்ணெயாக வழிந்து மண்ணுக்குள் இறங்குகிறது. ஆயிரக்கணக்கானோர் தங்கள் வீடுகளை விட்டு வெளியேற நேர்ந்தது. பழைய டயர்களைப் பற்றிய விதிகளைப் படிக்கத் தொடங்கிய நாளிலிருந்து இந்த நிகழ்வு என் மனத்தை விட்டு அகலவில்லை. அந்தக் குவியலில் கிடந்த ஒவ்வொரு டயரும் யாரோ ஒருவரால் சேகரிக்கப்பட்டு அங்கே கொண்டுவரப்பட்டதுதான். சேகரித்தவருக்கும் மறுசுழற்சிக்கும் நடுவில் அது நின்றுவிட்டது. அதற்கு அப்புறம் அதை மறுசுழற்சி வரை கொண்டுசெல்லும் பொறுப்பு எவருக்கும் இல்லை.

உற்பத்தியாளர் பொறுப்பு என்னும் கொள்கை இந்த இடைவெளியை அடைப்பதற்காகவே வந்தது என்று நான் புரிந்துகொள்கிறேன். டயரைச் செய்து விற்றவரோ இறக்குமதி செய்தவரோ, அது தேய்ந்து கழிந்த பிறகும் அதைத் திரட்டி, பயன்படும் பொருளாக மாற்றி முடிக்கும் வரை செலவையும் கணக்கையும் ஏற்க வேண்டும் என்பது அதன் சாரம். ஆனால் பல நாடுகளின் விதிகளை அருகருகே வைத்துப் பார்க்கும்போது, பொறுப்பு டயரோடு கூடச் செல்கிறதா, அல்லது டயரைப் பற்றிய காகிதத்தோடு செல்கிறதா என்ற கேள்விதான் எனக்கு முதன்மையாகத் தோன்றுகிறது.

டயர் ஏன் இவ்வளவு பிடிவாதமான கழிவு என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1839 இல் சார்லஸ் குட்இயர் கண்டறிந்த வல்கனைசேஷன் முறையில் கந்தகம் ரப்பரின் நீண்ட மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பிணைத்துவிடுகிறது. சாலையில் டயருக்கு வலிமை தருவது இந்தப் பிணைப்பே. அதை மறுபடியும் உருக்கி வார்க்க முடியாதபடி செய்வதும் இதே பிணைப்பே. அதனுள் எஃகுக் கம்பியும் நூலிழையும் கார்பன் பிளாக் என்னும் கரித்தூளும் எளிதில் பிரிக்க முடியாதபடி கலந்திருக்கின்றன. வெளியே போட்டாலோ, அதன் வடிவம் மழைநீரைத் தேக்கிவைக்கிறது. ஏடிஸ் கொசுவின் முட்டை வறண்ட நிலையிலும் மாதக்கணக்கில் உயிர்ப்போடு இருக்கக்கூடியது. 1985 இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரப் பகுதியில் ஏடிஸ் இனத்தைச் சேர்ந்த ஆசியப் புலிக்கொசு பெருகியிருப்பது தெரியவந்தபோது, அது ஆசியாவிலிருந்து கப்பலில் வந்த பழைய டயர்கள் வழியாகவே நுழைந்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் முடிவுக்கு வந்தனர். குப்பைமேட்டில் புதைப்பதும் தீர்வாகாது. ஐரோப்பிய ஒன்றியம் 1999 ஆம் ஆண்டின் நெறிமுறை மூலம் முழு டயர்களைப் புதைப்பதை 2003 முதலும், துண்டாக்கிய டயர்களைப் புதைப்பதை 2006 முதலும் நிறுத்தியது.

பிரேசில் 2009 இல் கொண்டுவந்த தீர்மானத்தை நான் மிகவும் மதிக்கிறேன். தேய்ந்ததற்கு மாற்றாக வாங்கப்படும் புது டயர் ஒவ்வொன்றுக்கும் ஈடாக, பயன்படாத ஒரு டயரை உற்பத்தியாளரோ இறக்குமதியாளரோ முறையாக அகற்ற வேண்டும் என்று அது கூறுகிறது. அதோடு நில்லாமல், ஒரு லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் ஒவ்வொரு நகராட்சியிலும் குறைந்தது ஒரு சேகரிப்பு மையம் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. எத்தனை டன் என்பதோடு எந்த இடத்தில் என்பதையும் சேர்த்துக் கேட்கும் விதி இது. இலக்கை எடையாக மட்டும் வைத்துவிட்டால், எங்கே மலிவாகக் கிடைக்கிறதோ அங்கேயே அள்ளி இலக்கை முடித்துவிடலாம். தொலைவில் இருக்கும் ஊர்களின் டயர் அங்கேயே கிடக்கும்.

இந்தியா 2022 ஜூலையில் அறிவித்த விதிகள் வேறு வழியைத் தேர்ந்தெடுத்தன. 2020-21 இல் தயாரித்த அல்லது இறக்குமதி செய்த அளவில் 35 விழுக்காட்டிற்கு 2022-23 இல் பொறுப்பு, அடுத்த ஆண்டு 2021-22 இன் அளவில் 70 விழுக்காடு, அதற்கடுத்த ஆண்டு 2022-23 இன் அளவில் முழுமையாக 100 விழுக்காடு என்று கடமை படிப்படியாக உயர்ந்தது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையத்தளத்தில் பதிவுசெய்த மறுசுழற்சியாளர் தாம் செய்த பொருளின் அளவுக்கேற்பச் சான்றிதழ் பெறுகிறார். உற்பத்தியாளர் அந்தச் சான்றிதழை வாங்கித் தம் கடமையைக் கழித்துக்கொள்கிறார். பழைய டயரை இறக்குமதி செய்து எண்ணெய் வடிப்பதற்கான தடையும் இவ்விதிகளில் உண்டு. அதை மனமார வரவேற்கிறேன். ஆயினும் இந்த ஏற்பாட்டில் பணம் மறுசுழற்சியாளரின் வாசலில் வந்து சேர்கிறதே தவிர, டயரைத் தெருத்தெருவாகச் சென்று திரட்டுகிறவரின் கைக்கு அதில் எவ்வளவு போய்ச் சேர வேண்டும் என்பது சந்தையின் விருப்பத்துக்கு விடப்பட்டிருக்கிறது. சான்றிதழை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்குப் பிளாஸ்டிக் கழிவு விதிகளே சான்று. 2023 இல் அதே வாரியம் நடத்திய தணிக்கையில் ஏறத்தாழ 6 லட்சம் போலிச் சான்றிதழ்கள் வெளிப்பட்டன. டயரில் அப்படி நடக்கக் கூடாது என்று நான் உண்மையாகவே கவலைப்படுகிறேன்.

சேகரிப்பின் கணக்கு கடினமானது. முழு டயர்களை ஏற்றிய லாரி பெரும்பாலும் காற்றையே சுமந்து செல்கிறது. இடம் நிறைந்துவிடும், எடை நிறையாது. ஒரு கார் டயர் ஏறத்தாழ 8 முதல் 10 கிலோ இருக்கும், லாரி டயரோ 50 கிலோவையும் தாண்டும். லாரி டயரில் இயற்கை ரப்பர் மிகுதியாக இருப்பதால் அதற்கு விலையும் உண்டு, கேட்பாரும் உண்டு. சுரங்க வண்டிகளின் ராட்சத டயருக்கு அதை வெட்டும் இயந்திரமே அரிது. இந்த நிலையில் எல்லாவற்றையும் ஒரே டன் கணக்கில் அளந்தால், சேகரிப்பவர் நல்லதை மட்டும் கிள்ளிக்கொண்டு போவார். அவரைக் குறை சொல்லவும் முடியாது, விதிதான் அவரை அப்படிச் செய்ய வைக்கிறது. எனவே ஒவ்வொரு டயர் வகைக்கும் ஒரு தனி இலக்கு, தொலைவுக்கு ஏற்ப உயரும் சேகரிப்புத் தொகை, கொண்டுவந்து கொடுப்பவரிடம் கட்டணம் கேட்கக் கூடாது என்ற உறுதி ஆகிய மூன்றும் விதியின் உடலிலேயே எழுதப்பட வேண்டும் என்பது என் கருத்து. கட்டணம் கேட்ட இடத்தில் டயர் ஓடைக்குப் போகும். அதைத் தடுக்க எந்தக் கண்காணிப்பாலும் இயலாது.

எடுத்த டயர் என்னவாகிறது என்பதிலும் எனக்கு உறுதியான நிலைப்பாடு உண்டு. உடல் நன்றாக இருக்கும் லாரி டயருக்குப் புதிய மேற்பட்டை ஒட்டி ரீட்ரெடிங் செய்து மீண்டும் ஓட்டுவதுதான் முதலிடம் பெற வேண்டும். இந்திய விதிகள் ரீட்ரெடிங் செய்த அளவுக்கு உற்பத்தியாளரின் கடமையைத் தள்ளிவைப்பது இந்த வகையில் சரியான சிந்தனை. அதற்கு அடுத்து ரப்பர் தூள், சாலைத் தாருடன் கலப்பது, மீட்ட ரப்பர் ஆகியவை. சிமென்ட் சூளையில் எரிப்பதும், காற்றில்லாமல் சூடாக்கி எண்ணெய் வடிக்கும் பைராலிசிஸும் கடைசியாகத்தான் வர வேண்டும். தொகுதி தொகுதியாக இயங்கும் சிறு பைராலிசிஸ் உலையில், கரித்தூளை வாரி எடுப்பதற்காக ஒரு தொழிலாளி அதன் கதவைத் திறக்கும்போது வெளிப்படும் புகையையும் தூசியையும் அவரே சுவாசிக்கிறார். டன் கணக்கில் அதற்கும் சான்றிதழ் உண்டு என்றால், அந்தச் சான்றிதழின் விலையில் அவருடைய நுரையீரலும் சேர்ந்திருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பிரேசில் விதி புது டயரின் எடையிலிருந்து 30 விழுக்காட்டைத் தேய்மானமாகக் கழித்துவிட்டே கடமையைக் கணக்கிடுகிறது. கழிக்கப்பட்ட அந்தப் பகுதி சாலையோரத்திலும் வடிகாலிலும் தூசியாகக் கிடக்கிறது. டயர் வெடிப்பு விடாமல் காக்கச் சேர்க்கும் 6பிபிடி என்ற வேதிப்பொருள் ஓசோனோடு வினைபுரிந்து உண்டாகும் நச்சுதான் கோஹோ சால்மன் மீன்கள் மழைக்குப் பின் கூட்டமாக மடிந்ததற்குக் காரணம் என்று வாஷிங்டன் மாநில ஆய்வாளர்கள் 2020 இல் கண்டறிந்தனர். எந்தச் சேகரிப்பு மையத்துக்கும் வராத இந்தப் பகுதிக்கும் உற்பத்தியாளர் பொறுப்பை நீட்டித்து, கலவையை மாற்றும் ஆய்வுக்கு அவர்களிடமிருந்து நிதி பெறுவது நியாயம் என்றே நினைக்கிறேன்.

ஹேகர்ஸ்வில் எரிந்த அதே ஒன்டாரியோவில் 2019 ஜனவரி 1 முதல் ஒவ்வொரு உற்பத்தியாளரும் தனித்தனியே பொறுப்பேற்கும் முறை நடைமுறைக்கு வந்தது. அங்கே அம்முறைக்குள் வந்த முதற்பொருளே டயர்தான். ஆனால் இவ்வகை விதிகள் பெரும்பாலும் அண்மை ஆண்டுகளின் விற்பனையையே அளவாகக் கொள்கின்றன. பல ஆண்டுகளுக்கு முன் குவித்துவிட்டு, குவித்த நிறுவனமும் மூடப்பட்ட குவியல்களுக்கு இவற்றில் இடமில்லை. அவற்றை அகற்றுவதற்கென்று உற்பத்தியாளர் செலுத்தும் தொகையில் ஒரு பங்கு ஒதுக்கப்பட வேண்டும். அதன் கணக்கு நடப்பு ஆண்டின் இலக்கோடு கலக்காமல் தனியாக இருக்க வேண்டும். அவை அகற்றப்படும் நாள் வரும் வரை, குவியலின் உயரத்துக்கு ஒரு வரம்பும், இரண்டு குவியல்களுக்கு நடுவே தீயணைப்பு வண்டி நுழையும் அளவுக்கு வழியும் இருக்கின்றனவா என்று ஆண்டுதோறும் ஒருவர் நேரில் சென்று பார்த்துக் கையெழுத்திட வேண்டும்.