புத்தி 60, கட்டைவிரல் ஒன்று

எல்டன் ரிங் வீடியோ கேமில் மந்திரவாதியாக ஆடித் தொலைக்கிறவர்களே, நேற்று ராத்திரி எனக்கும் அந்த மந்திரம் மாற்றுகிற தொல்லைதான்.

மந்திரம் மாற்ற ஒரே பட்டன், மேல் அம்புக்குறி. அழுத்தினால் அடுத்தது, இன்னும் அழுத்தினால் அதற்கடுத்தது. பின்னால் வர வழியே கிடையாது. இதென்ன நவக்கிரக சன்னிதியா, வலமாக மட்டும் சுற்ற? ஒன்றைத் தாண்டிவிட்டால் மறுபடி முழுச் சுற்று. ஆரம்பத்தில் 2 மந்திரம்தான், பிரச்சினையில்லை. ஊரெல்லாம் அலைந்து, மந்திர இடத்தைக் கூட்டுகிற எட்டு நினைவுக் கற்களையும் பொறுக்கி, தாயத்து ஒன்றும் மாட்டினால் 12. பட்ட பாட்டுக்குப் பரிசாம்!

அந்தப் பட்டன் இடது கட்டைவிரலுக்கு. நடக்கிற ஸ்டிக்கும் அதே விரலுக்கு. மந்திரம் மாற்ற வேண்டுமா, நில்லு.

நின்றேன். எதிரே ஃபயர் ஜயன்ட் என்கிற ராட்சசன், மலை மாதிரி. மந்திரச் சக்தி செலவாகாத மருந்தைக் குடித்தாயிற்று, பத்துப் பதினைந்து நொடிதான் தாங்கும். மந்திரத்துக்கு வலு கூட்டுகிற டெர்ரா மேஜிகா வட்டத்தையும் தரையில் போட்டாயிற்று. இனி அடிக்கிற மந்திரம் காமெட் அசூர், மூன்று தட்டு தள்ளி. அந்த ஒரு மந்திரத்துக்காக புத்தியை, அதாவது இன்டெலிஜென்ஸை, 60 வரை ஏற்றியிருக்கிறேன். தட். தட். தட். அவன் காலைத் தூக்கினான், கை நடுங்கியது. தட்.

நாலாவது தட்டு.

கோலை உயர்த்தினேன். தலைக்கு மேலே அழகாக ஒரு குட்டி நட்சத்திரம் மினுக்கியது. ஸ்டார்லைட். குகையில் வழி பார்க்கப் போடுகிற விளக்கு! ஐயா, இருட்டில் தேடாதீர்கள், நான் இங்கேதான் இருக்கிறேன், நன்றாக மிதியுங்கள் என்று லைட் பிடித்துக் காட்டியிருக்கிறேன். அவனும் குறை வைக்கவில்லை.

பட்டனை அழுத்திப் பிடித்தால் முதல் மந்திரத்துக்குப் போகுமே என்று யாராவது சொன்னால் கடித்துவிடுவேன். தெரியும். முதலாவதுக்குத்தானே போகும்? எனக்கு வேண்டியது ஏழாவது! விளக்கை ஏன் அங்கே வைத்தாய் என்றும் கேட்காதீர்கள். குகையிலிருந்து வந்தவன் எடுக்க மறந்துவிட்டேன், அவ்வளவுதான்.

பக்கத்தில் தம்பி. பெரிய வாள், ஒரே பட்டன், மதியமே அந்த ஜயன்ட்டை முடித்துவிட்டானாம். "நீயும் வாள் எடுத்துக்கோண்ணா" என்கிறான், வாய் நிறைய மிக்சரோடு.

அந்த எண்ணெய்க் கையால்தானடா மத்தியானம் என் கன்ட்ரோலரைத் தொட்டாய்? வழுக்குகிறது!