மூடியைத் திறந்து பாருங்கய்யா முதல்ல!

மறுபடியும் ஆசிட் கேனைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

செப்டிக் டேங்க் பேக் அடிக்கிறது. பாத்ரூம் தரையில் தண்ணி வடிகிற நானி ட்ராப்பில் தண்ணி எதிர்த்து வருகிறது. ஃப்ளஷ் பண்ணினால் கோப்பையில் விளிம்பு வரை ஏறி நின்று, போகலாமா வேண்டாமா என்று யோசித்து யோசித்து இறங்குகிறது. உங்களுக்குத் தெரியாததா? ஐப்பசி மழை இரண்டு நாள் பெய்தால் பாதாளச் சாக்கடை இல்லாத புறநகர் முழுக்க இதே கூத்துதான். இந்த முறை இரண்டு வீடு தள்ளி. "எக்ஸ்பர்ட்" என்று ஒருவர் பைக்கில் வந்து இறங்கினார்.

வந்த மகராசன் டேங்க் எந்தப் பக்கம் என்று கேட்கவில்லை. டேங்க் தண்ணி மண்ணில் ஊறி இறங்கும் குழியான சோக் பிட் எத்தனை அடி, அதில் இறக்கிய சிமெண்ட் வளையம் முழு உறையா ஓட்டை உறையா, கடைசியாகக் கழிவு உறிஞ்சும் லாரி எப்போது வந்தது, வாஷிங் மெஷின் தண்ணி எங்கே விழுகிறது, ஒன்றையும் கேட்கவில்லை. கேட்டது ஒரே கேள்வி: "மொத்தம் எத்தனை பாத்ரூம் சார்?" மூன்று என்றதும் முகத்தில் ஒரு ஒளி. ரேட் பாத்ரூம் கணக்காம். அடைத்திருப்பது தோட்டத்து மண்ணுக்குள், கணக்கு மட்டும் மாடி பாத்ரூமுக்கும் சேர்த்து!

"டேங்க் மூடியைத் திறந்து பார்க்கலாமே" என்று வீட்டுக்காரர் கேட்டிருக்கிறார். மூடி எங்கே? போர்டிகோவுக்கு டைல்ஸ் போட்டபோது மூடிக்கு மேலேயே அழகாக ஒட்டிவிட்டார்கள். டைல்ஸை உடைக்க வீட்டம்மாவுக்கு மனசில்லை. எக்ஸ்பர்ட்டுக்கு அது இன்னும் வசதி. "திறக்கவே வேணாம் மேடம், மேலேர்ந்தே சரி பண்ணிடலாம்" என்றார். வயிற்று வலிக்காரனை வாசலில் நிறுத்தி வைத்தே ஆபரேஷன் பண்ணுகிற டாக்டர் இவர்தான். கோப்பைக்குள் ஆசிட் போனது. நானி ட்ராப்பில் ஆசிட். வெளியே சேம்பரில் மீதி ஆசிட். அப்புறம் ஒரு மூட்டைக் கல்லுப்பு. அப்புறம் ஒரு பாக்கெட் "பாக்டீரியா பவுடர்". ஆசிட்டை ஊற்றிவிட்டு அதன் தலையிலேயே பாக்டீரியாவைக் கொட்டுகிறார் ஐயா! உயிரோடு இருந்ததையும் கொன்றுவிட்டு, புதிதாகக் காசு கொடுத்து வாங்கியதையும் அதே குழியில் போட்டுக் கொல்வதற்கு ஒரு தனித் திறமை வேண்டும்.

சோக் பிட் எதனால் சாகிறது என்று இவர்கள் ஒருத்தருக்காவது தெரியுமா? டேங்க்கிலிருந்து வரும் கலங்கல் நீர் மண்ணைத் தொடும் இடத்தில் பாக்டீரியா கூடி, கறுப்பாக, வழவழவென்று ஒரு படலம் கட்டும். ஓரளவு இருந்தால் அது நல்லது, கிருமியை வடிகட்டும். டேங்க் நிரம்பிக் கசடு வழிந்து வர ஆரம்பித்தாலோ, மண் குடிக்கிற அளவுக்கு மேல் தண்ணி வந்தாலோ, பிட் எந்நேரமும் நிரம்பியே கிடக்கும், காற்று புகாது, படலம் தடித்து மண்ணின் வாயை அடைத்துவிடும். இது சுண்ணாம்புக் கறை இல்லை, ஆசிட் ஊற்றினால் நுரைத்துக் கரைய. ஆசிட் கரைப்பது உங்கள் டேங்க்கின் சிமெண்டையும் உறையையும்தான். டேங்க்கில் மலத்தைச் செரிக்கிற பாக்டீரியாவையும் அது கொன்றுவிட்டால், செரிக்காத கசடு நேராகப் பிட்டுக்குப் போகும். இது போதாதென்று, அங்கே தேங்கியிருக்கும் கந்தகச் சேர்மங்கள் மேல் ஆசிட் பட்டால் ஹைட்ரஜன் சல்ஃபைடு கிளம்பும். ஆளைக் கொல்கிற வாயு. பக்கத்தில் யாராவது பிளீச்சிங் பவுடரும் போட்டிருந்தால் குளோரின் வேறு. உப்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். களிமண்ணில் சோடியம் ஏறினால் மண் கட்டி உடைந்து, துகள் பிரிந்து, இருக்கிற கொஞ்ச நஞ்சத் துளையையும் அடைத்துக்கொள்ளும். போர் தண்ணியின் கடினத்தைப் போக்க சாஃப்ட்னர் வைத்து, அதைக் கழுவும் உப்புத் தண்ணியை பிட்டில் விடுகிறவர்களுக்கும் இதே கதிதான்.

ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றினால் புதுசு மாதிரி ஆகிவிடும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ சுற்றுகிறது. அமெரிக்காவில் அதைப் பல வருஷத்துக்கு முன்னாலேயே செய்து பார்த்து, மண்ணின் கட்டமைப்பே சிதைகிறது என்று கண்டுபிடித்தாகிவிட்டது. வெல்லம், ஈஸ்ட், புளித்த தயிர் கூட்டணியையும் தயவுசெய்து அடுப்படியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் தினமும் போகிற டேங்க்கில் பாக்டீரியாவுக்கா பஞ்சம்?

ஆனால் பாருங்கள், மறுநாள் தண்ணி இறங்கிவிட்டது! வீட்டம்மாவுக்கு ஒரே சந்தோஷம். ஏன் இறங்காது? ஆசிட் நெடி தாங்காமல் குடும்பமே மாமியார் வீட்டுக்குப் போய்விட்டது. இரண்டு நாள் ஒரு சொட்டுத் தண்ணிகூட உள்ளே போகவில்லை. சும்மா விட்டிருந்தாலே இறங்கியிருக்கும். திரும்பி வந்து வாஷிங் மெஷினில் ஒரு லோடு போட்டார்கள், மறுபடி பழைய குருடி. எக்ஸ்பர்ட்டுக்குப் போன். அவர் கொஞ்சமும் அசரவில்லை. "ஆழம் பத்தல சார், இன்னும் பத்து உறை இறக்கிடலாம்."

இறக்குங்கள். இருபதாகவே இறக்குங்கள். நிலத்தடி நீரில் நேராக முக்கிவிடுங்கள். பிட்டின் அடிக்கும் நீர்மட்டத்துக்கும் நடுவில் 2 மீட்டராவது காய்ந்த மண் இருந்தால்தான் கிருமி வடியும். மழைக்காலத்தில் நீர்மட்டம் பத்தடிக்கு வந்துவிடுகிற ஊரில் இருபதடி பிட் என்றால், அது சோக் பிட் இல்லை, பக்கத்து வீட்டு போருக்கு நாமே போட்டுக்கொடுக்கிற கனெக்‌ஷன்.

அந்த வீட்டில் ஏற்கெனவே இறக்கியிருப்பது என்ன தெரியுமா? நாலடி விட்டத்தில் முழு உறை. ஓட்டையே இல்லாத உறை. மூட்டு மூட்டாக சிமெண்ட் பூசி, "கசியாது சார், கேரண்டி" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார் மேஸ்திரி. கசிவதற்குத்தானேய்யா குழியே வெட்டினோம்! கணக்கைப் பாருங்கள். செப்டிக் டேங்க்குக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 2470-ன்படி, தண்ணி ஒரு இன்ச் இறங்க 10 நிமிஷம் எடுக்கும் மண்ணில் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு நாளைக்கு 65 லிட்டர்தான் விடலாம். 30 நிமிஷம் எடுத்தால் 37 லிட்டர். நாலடி விட்டம், ஏழடி உயரத்துக்கு ஓட்டை உறை வைத்து, சுற்றிலும் அரையடிக்கு ஜல்லி நிரப்பியிருந்தால் சுவர்ப் பரப்பு மட்டுமே எட்டு சதுர மீட்டருக்குக் குறையாது, சுமாரான மண்ணில் ஐந்நூறு லிட்டரைத் தாங்கும். முழு உறையில் சுவர் கணக்கிலேயே வராது. அடித்தளம் ஒரு சதுர மீட்டர் சொச்சம், எழுபது எழுபத்தைந்து லிட்டர். அந்த அடித்தளத்தில்தான் கசடும் முதலில் படியும். டாப் லோட் மெஷின் ஒரு தடவை ஓடினாலே நூறு லிட்டர் தாண்டும். இதில் ஆசிட் என்ன செய்யும், ஆண்டவனே வந்து என்ன செய்வான்?

மொட்டை மாடித் தண்ணியும் அதே குழிக்குத்தான் போகிறது. 2003-ல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது, தனியாகக் குழி வெட்டச் சோம்பல் பட்டு, மாடி பைப்பைக் கொண்டுபோய் சோக் பிட்டில் சொருகிய புண்ணியவான்கள் ஊருக்கு ஊர் உண்டு. ஆயிரம் சதுர அடி மாடியில் 5 சென்டிமீட்டர் மழை பெய்தால் நாலாயிரத்து அறுநூறு லிட்டர். ஒரே ராத்திரியில். அப்புறம் "மழை வந்தாத்தான் சார் பிரச்சினை" என்று நம்மிடமே ஆச்சரியப்படுவார்கள்.

சரி, என்னதான் செய்ய வேண்டும்? முதலில் அந்த டைல்ஸை உடைக்க வேண்டும். வேறு வழி கிடையாது. மூடியைத் திறந்து கொஞ்ச நேரம் காற்றாட விட்டு, தலையை உள்ளே நீட்டாமல், பீடி கீடி பற்ற வைக்காமல், மட்டத்தைப் பாருங்கள். அவுட்லெட் பைப்புக்கு மேலே தண்ணி நின்றால் பிட் குடிக்கவில்லை, அல்லது நடுவில் பைப் அடைப்பு. அவுட்லெட் மட்டத்தில் அமைதியாக நின்றும் பாத்ரூமில் எதிர்த்தால், அடைப்பு டேங்க்குக்கு முன்னால், சேம்பரில். அதற்குப் பிட்டைத் தோண்டுவது தண்டம். ஒரு நீளக் கம்பில் வெள்ளைத் துணியைச் சுற்றி அடி வரை விட்டு, சில நிமிஷம் வைத்து எடுங்கள். கறுப்பாக ஒட்டியிருக்கும் உயரம்தான் வண்டல். நீரின் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தொட்டுவிட்டால் லாரியைக் கூப்பிட வேண்டியதுதான். சாதாரணமாக இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை எடுக்க வேண்டியதை, "கட்டினதுலேர்ந்து எடுத்ததே இல்ல, அவ்ளோ ஸ்ட்ராங்" என்று பெருமையடிக்கிற வீடுகள் எத்தனை! அந்த வண்டல் முழுக்க எங்கே போயிருக்கும் என்று நினைக்கிறீர்கள்?

லாரி ஹோஸைப் போட்டதும் மேல் தண்ணியை மட்டும் உறிஞ்சிவிட்டு "முடிஞ்சது" என்பார்கள். டேங்க்கின் இரண்டு அறையிலும், வண்டலைக் கலக்கி எடுக்கச் சொல்லுங்கள். ஆளை உள்ளே இறக்க மட்டும் விடாதீர்கள். 2013-ஆம் வருஷச் சட்டப்படி அது குற்றம், முதல் தடவைக்கே இரண்டு வருஷம் வரை ஜெயில் அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். சட்டம் கிடக்கட்டும், உள்ளே இறங்கியவரைத் தூக்கப் போனவரும் சேர்ந்து செத்த செய்தி வராத வருஷம் உண்டா?

காலியானதும் அவுட்லெட் பைப்பைக் கவனியுங்கள். பிட்டிலிருந்து தண்ணி திரும்பி டேங்க்குக்குள் கொட்டினால் பிட் நிரம்பி நிற்கிறது என்று அர்த்தம். அதே வாயில் 'T' வடிவ நாலு இன்ச் பைப் துண்டு இருக்கிறதா பாருங்கள். கீழ்க் கை நீருக்குள் ஒரு அடி இறங்கி இருக்க வேண்டும். பத்துக்கு எட்டு டேங்க்கில் அது இருக்காது, வெறும் பைப்தான் வாயைப் பிளந்து நிற்கும். மேலே மிதக்கிற எண்ணெய் ஆடை அப்படியே பிட்டுக்குப் பயணம். சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் சாமான் இது. இதை வைக்காமல்தான் ஆயிரக்கணக்கில் பவுடர் வாங்குகிறார்கள்.

அப்புறம் பிட்டையும் இறைத்துவிட்டு, ஒரு நாள் தண்ணியே விடாமல் பாருங்கள். தானாக ஊறி நிரம்பினால் அது நிலத்தடி நீர், அந்த ஆழத்தில் பிட்டே கூடாது. ஊறவில்லை என்றால் நல்ல சேதி, அதற்கு ஓய்வு கொடுத்தால் தேறும். பக்கத்தில் இரண்டாவது பிட் வெட்டி, நடுவில் மாற்றிவிடும் சேம்பர் கட்டி, பழையதை ஆறு மாசம், முடிந்தால் ஒரு வருஷம் காயப் போடுங்கள். காற்றுப் பட்டால் அந்தக் கறுப்புப் படலம் தானாகவே சிதைந்து மண் திறக்கும். ஆசிட் வேண்டாம், வெல்லம் வேண்டாம், பொறுமைதான் மருந்து. அது எந்தக் கடையிலும் கிடைப்பதில்லை, அதனால்தான் யாரும் விற்பதில்லை.

புதுப் பிட்டுக்கு முன் மண்ணைச் சோதியுங்கள். குழி எடுத்து, அடியில் இரண்டு இன்ச் ஜல்லி போட்டு, ராத்திரி முழுக்க ஊற வைத்து, மறுநாள் ஜல்லிக்கு மேல் 15 சென்டிமீட்டர் தண்ணி நிறுத்தி, அரை மணியில் எவ்வளவு இறங்குகிறது என்று அளவுகோலை வைத்துப் பாருங்கள். அரை மணிக்கு ஒரு இன்ச்கூட இறங்காத களிமண்ணில் பிட் வேலைக்காகாது. அங்கே ஆழமில்லாத நீள வாய்க்கால்தான். இரண்டடி அகலம், இரண்டு மூன்றடி ஆழம், அடியில் அரையடிக்குக் கழுவின ஒன்றரை இன்ச் ஜல்லி, அதன் மேல் ஓட்டை போட்ட நாலு இன்ச் பைப், மறுபடி ஜல்லி, மேலே மண்ணைத் தடுத்துத் தண்ணியை மட்டும் விடுகிற ஜியோ டெக்ஸ்டைல் துணி, அப்புறம் மண். இரண்டு வாய்க்காலுக்கு நடுவில் ஆறடி. ஈர மண்ணில் வெட்டவே வெட்டாதீர்கள். ஜேசிபி பக்கெட் இழுத்த இடமெல்லாம் சாணி மெழுகின மாதிரி வழவழப்பாகிவிடும். வெட்டி முடித்ததும் சுவரை முள்வாரியால் கீறிவிட வேண்டும். கழுவாத ஜல்லியில் வரும் கிரஷர் தூளே பாதித் துளையை அடைத்துவிடும். ஒரு லோடு ஜல்லிக்கு பேரம் பேசத் தெரிந்தவர்களுக்கு ஒரு ஹோஸைப் பிடித்துக் கழுவத் தெரியாது. முடித்த கையோடு அதன் மேல் பேவர் பிளாக் போட்டு காரை நிறுத்துவார்கள் பாருங்கள், அதைச் சொல்லி முட்டிக்கொள்ளச் சுவர் இல்லை.

இதில் வாஸ்து வேறு. செப்டிக் டேங்க் வாயு மூலையில், போர் ஈசானிய மூலையில். எல்லார் வீட்டிலும் இப்படியே. வரைந்து பாருங்கள்: உங்கள் வடமேற்கு மூலை இருக்கிறதே, அதுதான் மேற்குப் பக்கத்து வீட்டுக்காரரின் வடகிழக்கு மூலை. உங்கள் பிட்டுக்கும் அவர் குடிக்கிற போருக்கும் நடுவில் ஒரு காம்பவுண்டுச் சுவர். தரநிலை கேட்பது 18 மீட்டர், அதாவது அறுபது அடி. முப்பதுக்கு நாற்பது மனையில் அறுபது அடிக்கு எங்கே போவது? தெருவே வரிசையாக வாஸ்துப்படி ஒருத்தர் கழிவை ஒருத்தர் குடித்துக்கொண்டு சுபிட்சமாக இருக்கிறோம்.

இத்தனையும் சரியாகச் செய்தாலும் ரோட்டுத் தண்ணி உள்ளே வந்தால் எல்லாம் போச்சு. வராமல் எப்படி இருக்கும்? பழைய ரோட்டைச் சுரண்டிவிட்டுத்தான் புது ரோடு போட வேண்டும் என்று உத்தரவு இருக்கிறது. சுரண்டினார்களா? அதன் தலையிலேயே அரையடி, அதன் தலையில் இன்னொரு அரையடி. வாசலில் படி ஏறிப் போன வீட்டுக்கெல்லாம் இப்போது படி இறங்கிப் போகிறோம். கேட்டைத் திறந்தால் ரோடு இடிக்கிறது, கீழே அரையடி வெட்டித்தான் திறக்கிறோம். வெட்டிய கேட்டுக்கு அடியில் தெரு நாய் வேறு உள்ளே வந்து படுத்துக்கொள்கிறது. விரட்டினால் எழுந்து போகும் என்கிறீர்களா? நம்மைத்தான் யார் என்று பார்க்கிறது.