அந்த 800 கலோரி சேலஞ்ச் பற்றி, கடைசியாக ஒரு தடவை

சொல்லாமல் இருந்தால் ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்பதால் சொல்லிவிடுகிறேன். அந்த ஸ்கிரீன்ஷாட்டை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். என் வீட்டுக்காரர் சர்க்கரைக்காக எடை குறைத்ததைப் பற்றிப் போன மாதம் நான் எழுதியதை வெட்டி, அவர் போட்டோவையும் ஒட்டி, "லண்டன் டாக்டர்களே சொல்லும் 800 கலோரி சேலஞ்ச், சேர விரும்புவோர் இன்பாக்ஸ் வரவும்" என்று போட்டிருந்தது. கேட்டால், "நல்ல விஷயத்தை நாலு பேருக்குச் சொன்னோம், இதுக்குப் போய் கோபப்படுறீங்களே அக்கா" என்கிறார் அதைப் போட்ட தம்பி. நாலு பேருக்குச் சொன்னால் பரவாயில்லை தம்பி, நாலு பேரிடம் வசூலும் அல்லவா செய்திருக்கிறீர்கள்.

நான் எழுதியது என்ன? இங்கே இங்கிலாந்தில் என்.எச்.எஸ்., அதாவது அரசின் பொது மருத்துவச் சேவை, டைப் 2 சர்க்கரைக்காரர்களுக்கு ஒரு திட்டம் வைத்திருக்கிறது. 12 வாரம் வழக்கமான சாப்பாடு கிடையாது, சூப், ஷேக், பார் என்று அவர்கள் கொடுப்பது மட்டும்தான், ஒரு நாளைக்கு 800லிருந்து 900 கலோரி. அப்புறம் படிப்படியாகச் சாப்பாட்டுக்குத் திரும்ப வேண்டும். ஒரு வருஷம் வரை பயிற்சியாளர் ஒருவர் தொடர்பில் இருப்பார். இத்தனையும் எழுதினேன். இதில் 800ஐ மட்டும் உருவிக்கொண்டு மிச்சத்தைத் தூக்கி எறிந்துவிட்டார்கள்.

800 என்பது சிகிச்சை இல்லைங்க. கூட இருந்து பார்த்துக்கொள்வதுதான் சிகிச்சை.

என் வீட்டுக்காரர் ஆரம்பித்த அன்றைக்கே, அவர் போட்டுக்கொண்டிருந்த கிளிக்லசைடு என்ற சர்க்கரை மாத்திரையை நிறுத்தச் சொன்னார்கள். சாப்பாட்டை இந்த அளவுக்குக் குறைத்துவிட்டு அந்த மாத்திரையையும் போட்டால் சர்க்கரை தடாலென்று இறங்கி ஆள் விழுந்துவிடுவார். எடை குறையும்போது பிபியும் இறங்கும் என்று பிபி மாத்திரையையும் மாற்றினார்கள். இன்சுலின் போடுபவர்கள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்களை இதில் சேர்ப்பதே இல்லை. ஆனால் நம் உடம்பு வாகுக்கு பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு) 25லேயே இடம் உண்டு, வெள்ளைக்காரர்களுக்கு 27. யாரைச் சேர்ப்பது, யாரை வாசலிலேயே திருப்பி அனுப்புவது என்று இவ்வளவு யோசித்திருக்கிறார்கள். அந்தத் தம்பியின் வாட்ஸ்அப் குரூப்பில் நானும் சேர்ந்து பார்த்துவிட்டுத்தான் பேசுகிறேன். "என்ன மாத்திரை சாப்பிடுறீங்க" என்று ஒரு கேள்வி? ம்ஹூம். ஜிபே நம்பர் மட்டும் மூன்று இடத்தில் இருந்தது.

உடனே ஒரு அண்ணன் வந்துவிட்டார், "நம்ம முன்னோர் ஏகாதசி விரதம் இருக்கலையா" என்று. இருந்தார்கள் அண்ணா. ஏகாதசி ஒரு நாள், மறுநாள் துவாதசிக்கு அகத்திக்கீரையோடு இலை போட்டுச் சாப்பிட்டுவிடுவார்கள். 12 வாரத்துக்கு ஏகாதசி இருந்த பாட்டி யாரையும் எனக்குத் தெரியாது. அந்தப் பாட்டிகள் சர்க்கரை மாத்திரையும் போட்டதில்லை.

"கஞ்சி குடித்தே 800 கலோரியில் இருக்கலாமே, ஷேக் எதற்கு, கம்பெனிக்காரன் காசு கொடுத்தானா?" இதைக் கேட்டவருக்கு மட்டும் நிதானமாகப் பதில் சொல்கிறேன். கலோரி குறையலாம், புரதமும் தாது உப்புகளும் குறையக் கூடாது. குறைந்தால் உடம்பு தன் தசையையே தின்ன ஆரம்பிக்கும், இதயமும் தசைதான். 1970களின் கடைசியில் அமெரிக்காவில் திரவப் புரத டயட் என்று ஒன்று சக்கைப்போடு போட்டது. மாட்டுத் தோல், எலும்பிலிருந்து எடுத்த மட்டமான புரதத்தைப் பாட்டிலில் அடைத்து விற்றார்கள். அதைக் குடித்து இளைத்தவர்களில் 50க்கும் மேற்பட்டவர்கள் இறந்ததாக அரசுக்குப் புகார் போனது, அதில் பல பேருக்கு இதயத் துடிப்பு தாறுமாறாகி நின்றிருந்தது. அவர்களும் கலோரிக் கணக்கைச் சரியாகத்தான் வைத்திருந்தார்கள்.

எடை திரும்ப வந்துவிடும் என்கிறீர்களா, வரும், நிறையப் பேருக்கு வரும். நியூகாசிலின் ராய் டெய்லர், கிளாஸ்கோவின் மைக் லீன் என்ற மருத்துவப் பேராசிரியர்கள் இதே முறையைச் சோதித்து 2017ல் வெளியிட்ட டைரக்ட் என்ற ஆய்வில், இந்த முறையில் இருந்தவர்களில் ஒரு வருஷம் கழித்து 46 சதவீதம் பேருக்கு மாத்திரை இல்லாமலே சர்க்கரை நோய் விலகியிருந்தது. எடையோடு சர்க்கரையும் திரும்பி, இரண்டாம் வருஷம் அது 36 சதவீதமாகக் குறைந்தது. நர்ஸும் டயட்டீஷியனும் கூட இருந்தே இந்தக் கதி. அப்படியென்றால் வாட்ஸ்அப் குரூப்பில் என்ன ஆகும்? நீங்களே சொல்லுங்கள்.

"உங்களுக்கு என்.எச்.எஸ். இருக்கு, இலவசம், நாங்க யார்கிட்ட போறது" என்று ஒரு தங்கச்சி கேட்டிருந்தாள். நியாயம்தான். இதற்கு என்னிடம் சரியான பதில் இல்லை. ஆனால் டாக்டர் கிடைக்கவில்லை என்பதற்காகப் பட்டினியை நாமே எழுதிக்கொள்வது எந்த ஊர் நியாயம்? சேலஞ்சுக்குக் கட்டிய காசில் ரெண்டு தடவை டாக்டரைப் பார்த்திருக்கலாமே.

ஏன் இவ்வளவு கத்துகிறேன் என்று கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன். என் பெரியப்பா மகள் அந்தக் குரூப்பில் சேர்ந்திருக்கிறாள். மதுரையில் இருக்கிறாள், கிளிக்லசைடு மாதிரியே சர்க்கரையை இறக்கும் கிளிமிபிரைடு மாத்திரை போடுபவள். மாத்திரையையும் விடாமல், ஒரு வேளை கஞ்சியும் ரெண்டு வேளை வெள்ளரிக்காயுமாக இருந்து, விடிகாலையில் அடுப்படியில் விழுந்து கிடந்திருக்கிறாள். பிள்ளை பார்த்து வாயில் சர்க்கரையைக் குழைத்துத் தடவியிருக்கிறான், மயங்கினவர் வாயில் எதையும் போடக் கூடாது என்று அவனுக்கு யார் சொன்னது? ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் குளுக்கோஸ் ஏற்றிப் பிழைத்தாள். போன் பண்ணினால், "அத்தான் போட்டோ இருந்துச்சுல்ல, நீ சொல்ற விஷயம்தானேன்னு சேர்ந்தேன்" என்கிறாள். இதற்கு நான் என்ன சொல்ல?

சொந்தக்காரர்கள் பேச்சு தனிக் கதை. என் வீட்டுக்காரர் குண்டாக இருந்தபோது கல்யாண வீட்டில் வயிற்றைத் தட்டி "என்ன மாப்ளே, எத்தனாவது மாசம்" என்று சிரித்த அதே வாய்கள்தான் இப்போது "ஏன் இப்படி வத்திப் போயிட்டாரு, சுகர் முத்திருச்சா, பொண்டாட்டி சோறு போடுறதில்லையா" என்கின்றன. அவர் சிரித்துக்கொண்டு போய்விடுவார். எனக்கு முடியவில்லை. ஒரு மனுஷன் வாயைக் கட்டி, குளிரில் நடுங்கி, மலச்சிக்கலில் அவஸ்தைப்பட்டு, பிள்ளைகள் பிரியாணி சாப்பிடும்போது எழுந்து வேறு ரூமுக்குப் போய்... அதை "சேலஞ்ச்" என்று விற்கிறார்கள், பாருங்கள்.

இன்பாக்ஸில் "அக்கா, அந்த ஷேக் பேர் மட்டும் சொல்லுங்க" என்று இன்னும் வந்துகொண்டிருக்கிறது. சொல்ல மாட்டேன். போடுகிற மாத்திரைச் சீட்டை எடுத்துக்கொண்டு உங்கள் டாக்டரிடம் போங்கள். தம்பி, நாளைக்குள் என் வீட்டுக்காரர் போட்டோ அங்கிருந்து போக வேண்டும், என் பெரியப்பா மகளின் பணமும் திரும்ப வர வேண்டும். இல்லையென்றால் குரூப்பில் நீங்கள் போட்ட ரசீதுகள் எல்லாம் என்னிடம் இருக்கின்றன, அடுத்த பதிவில் அவற்றைப் போடுகிறேன்.